ஒரே ஒரு குமிழி

“தொடாதீங்க சார்! கண்ணாடி ஒட்டுன புட்டி பசை இன்னும் காயல!”

கண்ணாடிக் கடை விருத்தாசலம் போட்ட கூச்சலில், ஜன்னலைத் தட்டிப் பார்க்க நீண்ட சுப்பராயலுவின் விரல் பாதியிலேயே நின்றது. திண்டிவனம் கெங்கம்மாள் தரும வைத்தியசாலையின் புதுக் கட்டடத்துக்குக் மாட்டும் கண்ணாடியைச் சோதித்துச் சரி சொல்ல மெட்ராஸிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணர் அவர்.

“புட்டியைப் பத்தி எனக்கே பாடம் நடத்துறியா? உன் மூஞ்சி ஏன்யா இப்படி வேர்க்குது?”

“வெயிலு சார்.”

வெயில் இன்னும் எதிர்வீட்டுக் கூரையைத் தாண்டவில்லை.

கம்பியே இல்லாமல் ஆள் உயரத்துக்கு ஒரே கண்ணாடி வைப்பது சுப்பராயலுவின் யோசனை. “கம்பி வெச்சா ஜெயிலு, பிளேட் கிளாஸ் வெச்சா மெட்ராஸு” என்று சொல்லியே தருமகர்த்தா வெங்கடாசலத்தை மயக்கியிருந்தார். விருத்தாசலம் மாட்டிய முதல் கண்ணாடியில் அலை அடிக்கிறது என்று கழற்றச் சொன்னார். இரண்டாவதில் குமிழி என்றார்.

மூன்றாவது, திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கி, வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் வந்தது. வண்டிக்காரன் பச்சைமுத்து, விருத்தாசலத்தின் முகத்தையே பார்க்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

“இதுவும் தேறலன்னா வேலை வேற ஆளுக்கு” என்றார் சுப்பராயலு. “அப்புறம் இந்த ஊர்ல ஒருத்தன் உங்கிட்ட படத்துக்குக்கூட கண்ணாடி போட வரமாட்டான். கடையை இழுத்து மூடிக்கினு போவ வேண்டியதுதான்.”

“பாத்து சொல்லுங்க சார்.” என்றான் விருத்தாசலம்.

சுப்பராயலு பின்வாங்கி நின்று சிகரெட் பற்ற வைத்தார். புகையை ஜன்னல் பக்கம் ஊதிவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே மருந்து அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் லூர்துமேரி இருமினாள்.

“கண்ணாடி இருக்கிறதே தெரியலீங்களே!” என்று வாயைப் பிளந்தார் வெங்கடாசலம்.

விருத்தாசலம் தோள் துண்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“அதாங்க பிளேட் கிளாஸு” என்று சுப்பராயலு, அதைத் தானே உருக்கி ஊற்றியவர் மாதிரி சொன்னார். குந்திப் பார்த்தார். எழுந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். “பாட்டிலெல்லாம் வளையாம நேரா நிக்குது. அலை இல்ல. ஓரத்து மரச்சட்டம், பீடிங், பரவாயில்ல...”

சட்டென்று நிறுத்தினார்.

“ஆங்! புடிச்சிட்டேன்!”

விருத்தாசலம் கையைக் கூப்பினான். “சார், நான் வேணும்னு பண்ணல சார்...”

“மேல் மூலையைப் பாருங்க. ஒரு குமிழி. எங்க தொழில் பாஷையில ‘சீடு’ன்னு சொல்லுவோம். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது.”

சாதாரணக் கண் என்று தன்னைச் சொல்லிவிடப் போகிறார்களே என்று வெங்கடாசலம் அவசரமாக எட்டிப் பார்த்தார். “ஆமாங்க! தோ, கடுகாட்டம் இருக்குது!”

விருத்தாசலமும் பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்தான்.

“பேசாதே! தப்பை ஒத்துக்கக் கத்துக்க” என்று அதட்டினார் சுப்பராயலு. பிறகு பெரிய மனது பண்ணி, “போனாப் போவுது, ஒரே ஒரு குமிழிதானே. பாஸ்!” என்றார்.

‘மேல் மூலைக் குமிழி நீங்கலாக, முதல் தரமான கண்ணாடி’ என்று எழுதி, நீளமாக ஒரு கையெழுத்தை இழுத்தார். கீழே வெங்கடாசலமும் போட்டார்.

விருத்தாசலத்துக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நின்ற இடத்திலிருந்தே கத்தினான்.

“நர்ஸம்மா, சாருக்கு ஜல்தியா ஒரு காபி!”

லூர்துமேரி ஆவி பறக்க டம்ளரோடு ஜன்னலருகே வந்தாள். “வாசலைச் சுத்திக்கினு வர்றதுக்குள்ள ஆறிடும் சார். இப்படியே கையை உள்ள வுட்டு வாங்கிக்குங்க.”