தாழ்ப்பாள்

இடித்துக்கொண்டிருந்த ஒரு வீட்டிலிருந்து தேசம்மாள் நிலையோடு கேட்டு வாங்கி வந்த கதவு, மேம்பாலத்துக்கு அடியில் தூணோடு சேர்த்துக் கட்டப்பட்டு நின்றது. அதற்குச் சுவர் இல்லை. அவளுடைய அடுப்பும் பாயும் இரண்டு பக்கமும் தெருவுக்குத் தெரியும்.

"நாலு பக்கமும் தொறந்து கெடக்குது, கதவு ஒரு கேடா?" என்றான் அவள் புருஷன் மாசிலாமணி.

ஆனாலும் பாலத்தடியில் இருந்தவர்கள் தட்டிவிட்டுத்தான் வந்தார்கள். அவள் பாயில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே தட்டுவார்கள். அவளும் எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்குவாள். நாளடைவில் மாசிலாமணியும் தட்டப் பழகிவிட்டான்.

அன்று காலை அவன் வேலைக்குப் போன பிறகு மாநகராட்சி லாரி வந்தது. கதவு வருவதற்கு முன்னால் ஒருமுறை வந்து, அடுப்பைக்கூட விட்டுவைக்காமல் அள்ளிப்போன அதே லாரி. அடுத்த தூணில் இருந்தவர்களின் பானையும் போர்வையும் அதில் ஏறிக்கொண்டிருந்தன. தேசம்மாள் ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பாயில் தூங்கிக்கொண்டிருந்த தன் குழந்தையை மடியில் அள்ளிக்கொண்டு, கதவில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள்.

காக்கிச் சட்டைக்காரன் வந்தான். சுற்றிக்கொண்டு வர இரண்டு எட்டு போதும். அவன் கதவுக்கு முன்னால் நின்று தட்டினான். அவள் முதுகில் அதிர்ந்தது.

"வூட்ல யாரும் இல்ல," என்றாள் தேசம்மாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள யார்னா கீறாங்களா?" லாரியிலிருந்து ஒருவன் கத்தினான்.

காக்கிச் சட்டைக்காரன் கதவோரமாகத் தலையை நீட்டி அவளைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். தலையை இழுத்துக்கொண்டு, முன்னைவிட மெதுவாக இன்னொரு முறை தட்டினான்.