விரல் அசையும் வரை

கிள்ளை ஊருக்கு வெளியே இறால் உரிக்கும் கொட்டகையில் ஐஸ் உருகிச் சொட்டுகிறது. லோகநாயகிக்கு ஒன்றுக்கு முட்டுகிறது. வழக்கம்போல் எழுந்து போக அனுமதி கேட்டு அலுமினியக் கிண்ணத்தை டங்கென்று தட்டி, கண்ணாடி அறையில் மேனேஜரின் விரல் அசைகிறதா என்று நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த விரல் அசையாமல் இங்கே யாரும் எழுந்ததில்லை. புடவையை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தவர்கள் உண்டு. அறையில் மின்விசிறி மட்டும் சுற்றுகிறது. காலி நாற்காலியைப் பார்த்தபடி அவள் காத்திருக்கிறாள். “யாரக் கேக்குற அக்கா? அந்தாளத்தான் நேத்தே வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களே. எழுந்து போ” என்கிறாள் பக்கத்தில் இருக்கும் பவானி. மரத்துப்போன காலை உதறிக்கொண்டு லோகநாயகி எழுகிறாள். அவள் வாசலைத் தாண்டும்போது பின்னால் ஒரு கிண்ணம் ஒலிக்கிறது. பிறகு இன்னொன்று. பிறகு கொட்டகை முழுக்கச் சிரிப்பும் கிண்ணச் சத்தமுமாக அதிர்கிறது. ஒருத்தியும் கண்ணாடி அறைப் பக்கம் திரும்பவில்லை.