டிக்‌ஷனரி படித்த கடிதம்

முந்தின நாள்தான் முதலாளியின் காரை கேட்டில் உரசியிருந்த டிரைவர், கையில் ஒரு கடிதத்தோடு தலைமை குமாஸ்தாவின் மேஜை முன் வந்து நின்றார். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"சார், மேனேஜர் இத உங்ககிட்ட..."

"காட்டி அர்த்தம் கேட்டுக்கச் சொன்னாரா? என்னை விட்டா இந்த ஆபீஸ்ல யாரு இருக்கா?" என்று கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டார் குமாஸ்தா.

அலுவலகம் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் டிக்‌ஷனரி. வாயில் நுழையாத ஆங்கிலச் சொற்களாகப் பொறுக்கி, தினமும் பத்து மனப்பாடம் செய்வார். அவர் எழுதும் பதில்கள் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் வாடிக்கையாளர்கள் போன் செய்து கேட்பார்கள். அதையும் தன் புலமைக்குக் கிடைத்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

பெயர், தேதி போன்ற சில்லறைச் சமாசாரங்களில் அவர் கண் நிற்பதில்லை. நேராக இரண்டாம் பத்தியின் நீளமான சொல்லில் போய் உட்கார்ந்தது.

"ரிடண்டன்ட். அருமையான வார்த்தை. அர்த்தம் தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார். ஆனா..."

"தெரிஞ்சா எதுக்கு ஸ்டியரிங் பிடிக்கப் போற? தேவைக்கு மேல இருக்கிறதுன்னு அர்த்தம். அதாவது, வேண்டாத ஆளு. அதை எவ்வளவு நாசூக்கா சொல்லியிருக்காங்க பாரு."

எதிர் மேஜை டைப்பிஸ்ட் பொறுக்க முடியாமல் நிமிர்ந்தாள். "மெதுவா சொல்லுங்க சார். ரெண்டு பிள்ளைங்கள வெச்சிருக்காரு."

"மெதுவா சொன்னா அர்த்தம் மாறிடுமாம்மா? வித் இமீடியட் எஃபெக்ட்னு வேற போட்டிருக்கு. இன்னைக்கே மூட்டையைக் கட்டணும்." சிவப்புப் பேனாவால் அந்த வரியை ரசித்து அடிக்கோடிட்டார். "இங்கிலீஷ் தெரியாதவனோட பொழப்பப் பாத்தியா? வேலை போனதக்கூட அடுத்தவன் படிச்சுச் சொல்ல வேண்டியிருக்கு."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன, வாயடைச்சுப் போச்சா? வேற ஏதாவது புரியலையா?"

"எல்லாம் புரிஞ்சுது சார். கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க... லெட்டர் உங்களுக்குத்தான்."