ஆறு வயதுக் கண்ணாடி

அருங்காட்சியகத்தில் இப்போது எலும்பும் கிடையாது, பஞ்சடைத்த புலியும் கிடையாது. வாசலில் தரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும், முன்பு வந்த அன்று அவரவர்க்குத் தெரிந்தபடியே எல்லாம் தெரியும். வசுமதியும் அவள் அப்பாவும் ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டார்கள். இருவரும் சேர்ந்து வந்த அன்று அவளுக்கு ஆறு வயது. நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

திமிங்கில எலும்புக்கூடு கூரையையே அடைத்துக்கொண்டு தொங்கியது. பக்கத்தில் அப்பா ஆகாசத்துக்கு நின்றார். அண்ணாந்து முகம் பார்ப்பதற்குள் கழுத்து வலித்தது. அந்தப் பழைய பயம் அப்படியே வந்துவிட்டது. நுனிக்காலில் எம்பி அவர் கையைத் தேடினாள். காற்றுதான் அகப்பட்டது.

“கையைக் குடுடி வசு, கூட்டத்துல தொலைஞ்சிடப் போறே!”

அப்பாவின் குரல் அவள் தோளுக்குக் கீழேயிருந்து வந்தது.

குழம்பிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினாள். வெறும் கூடம். திமிங்கிலமும் இல்லை, கூட்டமும் இல்லை. கூன் விழுந்த அப்பா, கண்ணாடியோடு இன்னும் குனிந்து, அவள் முழங்கால் பக்கம் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்.

அவள் மெல்லக் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினாள். அவர் இறுகப் பற்றிக்கொண்டார்.

“பயந்துட்டியா? அதான் அப்பா இருக்கேன்ல?”

“ம்” என்றாள். இனி எப்படி எழுந்து நிற்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.