பலகையின் சூடு

எக்ஸ்ரே அறையின் நீல வெளிச்சத்தில், தெருவோரத்திலிருந்து காப்பகத்துக்கு வந்த அந்த அம்மாள் நடுங்கிக்கொண்டிருக்கிறாள். நெஞ்சில் தொற்று தெரிந்தால் காப்பகத்தில் இடமில்லை, மறுபடி தெருதான். நடுக்கத்தில் இரண்டு படங்கள் கலங்கிவிட்டன. படம் எடுப்பவர் சிடுமூஞ்சி. “உங்களோட மல்லுக்கட்ட என்னால ஆகாதும்மா” என்று முணுமுணுத்தபடி வந்து, அவள் நெஞ்சைச் சாய்க்க வேண்டிய பலகையைத் தொடுகிறார். சில்லென்றிருக்கிறது. உள்ளங்கைகளைத் தேய்த்துத் தேய்த்து அதில் ஒற்றுகிறார். போதாதென்று தன் அகன்ற மார்பையே சாய்த்து அதைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவளை அழைத்துவந்த காப்பகத்துப் பெண் வாசலில் சிரிப்பை அடக்குகிறாள். “இப்பச் சாயுங்க.” அம்மாள் சாய்கிறாள். “கதகதன்னு இருக்கு. கடவுள் நெஞ்சு இப்பிடித்தான் இருக்கும்போல.” நடுக்கம் நிற்கிறது. “மூச்ச இழுத்துப் பிடிங்க!” தடுப்புக்குப் பின்னால் பொத்தான் சொடுக்குகிறது. திரையில் இரண்டு நுரையீரல்களும் துடைத்துவிட்டாற்போல் தெளிகின்றன. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்க்கிறார். “இருவது வருசமா படம் பாக்குறேன், இதுல ஒண்ணுமே இல்ல. தாராளமா சேத்துக்கோங்க” என்று வாசலைப் பார்த்துச் சிரிக்கிறார். பலகையை அணைத்தபடி, கன்னங்கள் உப்ப, அவள் இன்னும் அசையாமல் நிற்கிறாள். “அடடா, மூச்ச விடும்மா, விடு!” என்று அவர் ஓடுகிறார்.