இறங்கிட்டேம்மா

விமானத்தைத் தரையிறக்கியதும் கேப்டன் முத்துச்செல்வம் தென்காசிக்குப் போன் போடுவான். அதன் பிறகுதான் அவன் அம்மா சாப்பிடுவாள்.

அன்று திருவனந்தபுரத்தில் இறங்குவதற்குச் சற்று முன், குற்றால மலைக்கு மேலே, ஆட்டோபைலட் தானாகவே விமானத்தின் மூக்கைத் தாழ்த்தியது. தரை வெகு கீழே இருக்க, காக்பிட்டின் இயந்திரக் குரல் "ஐம்பது, முப்பது, பத்து" என்று உயரத்தை எண்ணி முடித்தது. அவன் ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு, தானே ஓட்டிப் பத்திரமாக இறக்கினான்.

என்ஜினை நிறுத்தியதும் போன் போட்டான்.

"எய்யா, எறங்கிட்டேன்னு அப்பமே சொன்னியே. நான் சாப்பிட்டாச்சு."

"இப்பம்தாம்மா எறங்குதேன்."

"அப்பம் அருவிச் சத்தம்லா பலமாக் கேட்டுச்சு. கூட வந்தவங்கல்லாம் அழுதாங்களே, நிறுத்திட்டாங்களா?"

அவன் காக்பிட் கதவைத் திறந்தான். பயணிகள் பேசாமல் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.