தலைவரின் சுட்டுவிரல்

பாரிஸில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் நடத்திய ஆரம்பக் கண்காட்சிகளில் எண்ணெய் ஓவியங்களோடு வண்ணக்கட்டியால் தீட்டும் பேஸ்டல், தகட்டில் கீறி அச்சிடும் எச்சிங், படம் வரைந்த விசிறி எல்லாம் தொங்கினவாம். அந்தத் தைரியத்தில் எங்கள் ஊர் ஓவியர்களும் ஒரு போட்டோ ஸ்டுடியோ மாடியைப் பிடித்து, வரைந்ததையெல்லாம் மாட்டினார்கள். திறந்து வைக்க வந்தவர் ஓவியச் சங்கத் தலைவர் தணிகாசலம். அவர் வேண்டாமென்றால் படம் இறங்கிவிடும். எண்ணெய் ஓவியங்களுக்கு மட்டும் தலையசைத்துக்கொண்டே, போர்த்திய பொன்னாடை நழுவாமல் நடந்தவர், கண்ணாடி போடாத ஒரு பேஸ்டலின் முன் நின்றார். கடல்மேல் விடிகிற வானம்.

"என்னம்மா இது, சாக்பீஸ் கிறுக்கல்? கழட்டிடு."

"தொட்டுடாதீங்க சார், கையில ஒட்டிக்கும்" என்றாள் அதை வரைந்த ஜெசிந்தா.

"ஒட்டிச்சுன்னா அது ஓவியமே இல்ல, வெறும் தூசி. இப்ப பாரு."

சுட்டுவிரலால் வானத்தை ஒரு இழுப்பு இழுத்தார். துடைக்கக் கைக்குட்டையை எடுத்தவர், விரலைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். நுனியில் ரோஜா நிறம், அதற்குள் பொன், விரலைச் சற்றுத் திருப்பினால் இன்னும் விடியாத நீலம்.

"கழட்டட்டுமா சார்?"

"ஷ்... இரும்மா."

கைக்குட்டை மடிப்புக் கலையாமல் பைக்குள் போனது.

மதிய விருந்தில், இலையில் சாம்பார் ஊற்றியானதும், தலைவர் வாழ்நாளில் முதல்முறையாக ஸ்பூன் கேட்டார்.